30 லைஃப் இல்லாம கான்ட்ரா: மூணு மாச கணக்கு

ஆரம்பிச்சது கான்ட்ராங்கிற பழைய சுடுற வீடியோ கேம் பத்தின ஒரு வெட்டி சண்டைல. அண்ணன் ஃபோன்ல பேசும்போது "கான்ட்ராவ நான் அப்பவே முடிச்சவன்டா"ன்னான். முடிச்சோம்தான், இல்லன்னு சொல்லல, ஆனா எப்பயாவது 30 லைஃப் இல்லாம முடிச்சோமா? எங்க வீட்ல இருந்தது டிவி கேம், அதுல சொருகுற மஞ்ச கேசட்ல மெனுவுலயே 30 லைஃபோட ஒண்ணு இருக்கும், அதத்தான் அமுக்குவோம். நேர்மையா 3 லைஃப்ல ஆடுனதே இல்ல. இத சொன்னதும் அவன் சத்தமே இல்ல.

சரி, நாமளே பண்ணி பாப்போம்னு கான்ட்ரா ஆனிவர்சரி கலெக்‌ஷன் (பழைய கான்ட்ரா கேம்கள் சேந்த தொகுப்பு, 2019ல வந்தது) ஆஃபர்ல வாங்கினேன். ஒரே நோட்டு போட்டேன், ஒவ்வொரு தடவ சாகும்போதும் எந்த ஸ்டேஜ், எதால செத்தேன்னு எழுதணும். ரூல் ரெண்டு. சேவ் ஸ்டேட் (நடுவுலயே சேமிச்சு அதே எடத்துல இருந்து திரும்ப ஆடுறது) ப்ராக்டிஸுக்கு மட்டும், கோடு (பட்டன்கள வரிசையா அமுக்கி 30 லைஃப் வாங்குற குறுக்கு வழி) போடவே கூடாது. என்ஈஎஸ்னு நின்டென்டோவோட பழைய வீட்டு கன்சோல்ல வந்த கான்ட்ரா முடிஞ்சா அடுத்த கேம், அப்படியே வரிசையா போறதுன்னு திட்டம்.

முதல் வாரம்

கேவலம். வேற வார்த்த இல்ல. முதல் நாள் ராத்திரி ஸ்டேஜ் 3 தாண்டல, அருவி. சின்ன வயசுல அருவின்னாலே சண்டதான், ஏன்னா ஸ்க்ரீன் மேல மட்டும்தான் ஏறும், கீழ விட்டதெல்லாம் போச்சு, அதனால முன்னாடி ஏறுறவன் பின்னாடி வர்றவன கொன்னுடுவான். கேம்ல ரெண்டு ஹீரோ, அண்ணன் எப்பவும் நீல பேன்ட் போட்ட பில், நான் செகண்ட் கன்ட்ரோலர், செவப்பு பேன்ட் லான்ஸ். எத்தன தடவ அவன் மேல ஏறி நான் செத்திருப்பேன்னு கணக்கே கெடையாது. இப்ப தனியா ஆடியும் அதே எடத்துல சாகுறேன், இப்ப பழி போட ஆளும் இல்ல.

நோட்டுல முதல் வாரம் 112 சாவு. அதுல பாதிக்கு மேல ஒரே மாதிரி: செத்தேன், எஸ்ங்கிற நல்ல துப்பாக்கி போச்சு, உடனே மறுபடி செத்தேன்.

இதுதான் எனக்கு மொதல்ல உறைச்சது. இந்த கேம்ல ஒரு குண்டு பட்டா சாவுன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா நிஜமான தண்டன அது இல்ல. செத்தா கைல இருக்குற எஸ் போய், டிக் டிக்குனு ஒத்த ஒத்த குண்டா போற பழைய துப்பாக்கி வந்துடும். எஸ்னா ஒரே அடில அஞ்சு குண்டு விரிஞ்சு போகும், கிட்ட நின்னு அடிச்சா அஞ்சும் ஒரே ஆள் மேல விழும். அத வச்சுக்கிட்டு ஆடுறது ஒரு கேம், இல்லாம ஆடுறது வேற கேம். ஸ்டேஜ் 6ல பெரிய கவச ஆள் ஒருத்தன் குதிச்சு குதிச்சு முள்ளு வட்டு வீசுவானே, அவன்கிட்ட வெறும் துப்பாக்கியோட போய் நின்னா அன்னிக்கு ஆட்டம் முடிஞ்சுது. 30 லைஃப் இருந்தப்ப இதெல்லாம் தெரியவே இல்ல, செத்தா அடுத்த லைஃப், அவ்ளோதான். உண்மைய சொல்லணும்னா நாங்க கான்ட்ரா ஆடவே இல்ல, அதுக்குள்ள நடந்து போயிட்டு வந்தோம்.

அந்த கோடு கதையும் இங்கயே சொல்லிடறேன். மேல மேல கீழ கீழ லெஃப்ட் ரைட் லெஃப்ட் ரைட் பி ஏ. இது கான்ட்ராவுக்காக செஞ்சது இல்ல. கான்ட்ரா செஞ்ச கம்பெனி கொனாமில கசுஹிஸா ஹஷிமோட்டோன்னு ஒருத்தர், 1986ல கிரேடியஸ் கேம வீட்டு கன்சோலுக்கு மாத்திக்கிட்டு இருந்தார், டெஸ்ட் பண்ண ஆடி பாத்தா அவருக்கே கஷ்டமா இருக்கு, அதனால எல்லா பவரும் கெடைக்கிற மாதிரி தனக்காக ஒரு கோடு வச்சுக்கிட்டார், எடுக்காம அப்படியே வெளிய வந்துருச்சு. செஞ்சவருக்கே முடியலன்னு தெரிஞ்சப்ப எனக்கு கொஞ்சம் ஆறுதல். 2020ல தவறிட்டார்.

மூணாவது வாரம்

முன்னேற்றம். ஸ்டேஜ் 1ல தண்ணிக்குள்ள இறங்கி கீழ அமுக்கினா முங்கிடுவான், குண்டு படாது. இத்தன வருஷத்துல இது எனக்கு தெரியவே தெரியாது! அதோட இந்த கேம்ல எதிரி குண்டு மெதுவாத்தான் வரும், யார் எங்க இருந்து வருவான்னு பெரும்பாலும் மாறாது, குதிச்ச பிறகு காத்துலயே திசை மாத்திக்கலாம். அதனால ஒவ்வொரு சாவுக்கும் காரணம் நான்தான்னு நோட்டே சொல்லுது. "பதட்டத்துல குதிச்சேன்"ன்னு மட்டும் 40 தடவ எழுதியிருக்கேன். கோவம் வருது, ஆனா கேம் மேல வரல.

ஸ்டேஜ் 2, 4 ரெண்டும் முதுகுக்கு பின்னாடி இருந்து பாக்குற மாதிரி வரும், செவுத்துல இருக்குற கண்ணெல்லாம் ஒடச்சாத்தான் கரண்ட் வேலி போகும். அவசரப்பட்டு வேலிய தொட்டா சாக மாட்டான், ஷாக் அடிச்சு நிப்பான். அந்த நிக்கிற ஒரு செகண்டுலதான் வேற எவனாவது போட்டுட்டு போவான். இந்த ரெண்டு ஸ்டேஜையும் எங்களுக்கு அப்ப புடிக்காது, இப்ப எனக்கு இதுதான் ரெஸ்ட் எடுக்குற எடம்.

நடுவுல ஜப்பான் ஃபேமிகாம் (என்ஈஎஸுக்கு அங்க அந்த பேர்) வெர்ஷனையும் போட்டு பாத்தேன், அதே கலெக்‌ஷன்லயே இருக்கு. ஆள் அசந்துட்டேன். 1988ல வந்த அதே கேம், ஆனா காட்டுல மரம் ஆடுது, பனி ஸ்டேஜ்ல பனி கொட்டுது, ஸ்டேஜுக்கு நடுவுல மேப் காட்டி கதை சொல்றான். அவங்க கேசட்ல கொனாமியோட தனி சிப் இருந்துச்சு, அமெரிக்கா போனதுல அது இல்ல, அதனால இதெல்லாம் வெட்டிட்டாங்க. கதைலயும் ஜப்பான்ல 2633ஆம் வருஷம், நியூசிலாந்து பக்கத்துல கலுகா தீவு. அமெரிக்க புக்லெட்ல அதுவே தென் அமெரிக்க காடு ஆயிடுச்சு. ஐரோப்பால இன்னும் மோசம், ஜெர்மனில வன்முறை கேம்களுக்கு இருந்த கெடுபிடியால ஆளுங்கள எல்லாம் ரோபோவா மாத்தி ப்ரோபோடெக்டர்னு பேர் வச்சு வித்தாங்க. ரோபோ செத்தா பரவால்ல போல.

கடைல காசு போட்டு ஆடுற 1987 ஆர்கேட் ஒரிஜினலும் ஆடினேன், நெட்டுக்க நிக்கிற ஸ்க்ரீன். மரியாத எல்லாம் சரி, ஆனா வீட்டு வெர்ஷன்தான் நல்ல கேம், இதுல எனக்கு ரெண்டாவது பேச்சே கெடையாது.

அஞ்சாவது வாரம், ஞாயித்துக்கிழமை

முடிச்சுட்டேன்!! 3 லைஃப்ல ஆரம்பிச்சு, ஒரு கன்டின்யூ (லைஃப் எல்லாம் தீந்ததும் அதே ஸ்டேஜ்ல இருந்து திரும்ப ஆடுறது) போச்சு, அத மறைக்கல. ஸ்டேஜ் 7ல மேல இருந்து இறங்குற முள்ளு கொக்கில கொஞ்சம் ரத்தம் சிந்தினேன், ஸ்டேஜ் 8ல அந்த பெரிய தலை வாய்ல இருந்து புழுவா துப்பும்போது கை நடுங்குச்சு, கடைசி இதயம் ஒடஞ்சதும் தீவு வெடிக்கிறத ஹெலிகாப்டர்ல இருந்து பாத்தேன். ராத்திரி 1 மணி. அண்ணனுக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினேன், காலைல "ஒரு கன்டின்யூ போயிருக்கே"ன்னு பதில். அனுப்பினதே தப்பு.

அப்புறம் வரிசையா

சூப்பர் சி (1990). நல்ல கேம், வேகமா சொல்லிட்டு போயிடறேன். முதுகுக்கு பின்னாடி பாக்குறத தூக்கிட்டு மேல இருந்து பாக்குற ஸ்டேஜ் வச்சாங்க. முதல் கேம் கைல ஏறிட்டா இது ஒரு வாரத்துல வந்துடும், எனக்கு பத்து நாள். கேம் பாய்ல வந்த ஆபரேஷன் சி (1991) ஒரே சாயங்காலம்.

அதுக்கு அப்புறம் கான்ட்ரா 3, 1992, சூப்பர் நின்டென்டோ. இங்கதான் நிறைய பேசணும். டைரக்டர் நொபுயா நகஸாடோ. பாத்த உடனே கண்ணுக்கு விருந்து, டேங்க்ல ஏறி ஓட்டுறோம், ப்ளேன் வந்து ரோட்டுக்கே தீ வைக்குது, பைக் ஓட்டி, பறக்குற மிசைல புடிச்சு தொங்கிக்கிட்டே பாஸ (ஸ்டேஜ் கடைசில வர்ற பெரிய எதிரி) அடிக்கிறோம். அதெல்லாம் எல்லாரும் சொல்வாங்க. நான் பாத்தது வேற. இதுல ரெண்டு துப்பாக்கி வச்சுக்கலாம், செத்தா கைல புடிச்சிருக்குறது மட்டும்தான் போகும். ஒரு சின்ன மாத்தம்தான், ஆனா ஆடுற விதமே மாறிடுது. ஆபத்தான எடம் வருதுன்னு தெரிஞ்சா நல்ல துப்பாக்கிய உள்ள வச்சுட்டு மட்டமானத கைல எடுத்துக்குவேன், செத்தாலும் எஸ் பத்திரம். வெளியூர் போகும்போது நகைய பீரோல வச்சுட்டு கவரிங் போட்டுட்டு போவாங்கள்ல, அது. முதல் கேம் ஆடி ஆடி எது நிஜ தண்டனன்னு எனக்கு அஞ்சு வாரத்துல புரிஞ்சுது, அத அவங்க அஞ்சு வருஷத்துல புரிஞ்சு சரி பண்ணிட்டாங்கன்னு எனக்கு தோணுச்சு.

ஸ்டேஜ் 2, 5 மேல இருந்து பாக்குறது, தரையே சுத்தும். அந்த மெஷின்ல அப்படி சுத்த முடியும்னு காட்டுறதுக்காகவே வச்ச மாதிரி இருக்கு, எனக்கு தல சுத்தினது மட்டும்தான் மிச்சம்.

ஹார்ட் கோர் (1994, சேகாவோட மெகா டிரைவ் கன்சோல்). நாலு பேர்ல ஒருத்தர எடுக்கலாம், அதுல ஒருத்தன் ஓநாய் மனுஷன், ஒருத்தன் குட்டி ரோபோ. குட்டி ரோபோ ப்ரௌனிய எடுங்க, ஆள் குள்ளம், பாதி குண்டு தல மேலயே போயிடும், இது ஏமாத்து வேலதான்னு தெரியும், பரவால்ல. முதல் ஸ்டேஜ் முடிஞ்சதும் யார தொரத்துறது, எங்க போறதுன்னு நம்மள கேக்குது, வழிக்கு ஏத்த மாதிரி முடிவும் மாறும். ரகசியமா ஒரு அரங்கு கூட இருக்கு, அதுல போனா கடைசில குரங்குகளோட ஆதிகாலத்துல வாழ்ற மாதிரி ஒரு நக்கல் முடிவு. ஆனா சாதா ஸ்டேஜ் ரொம்ப கம்மி, பாஸ் மேல பாஸ். ஜப்பான் வெர்ஷன்ல மூணு அடி தாங்குவான், அமெரிக்காவுக்கு அனுப்பும்போது அத எடுத்துட்டு ஒரே அடில சாவுன்னு ஆக்கிட்டாங்க. மூணு அடிக்குன்னு செஞ்ச பாஸ்கள ஒரு அடில ஆடுறோம்! என் நோட்டுல "என் தப்பு இல்ல"ன்னு முதல் தடவ எழுதினது இந்த கேம்லதான். 3 நாள்ல 90 சாவு, இன்னும் முடிக்கல, வழி ஒண்ணுதான் பாத்திருக்கேன்.

1996, 1998ல ப்ளேஸ்டேஷன்ல வந்த ரெண்டு 3டி கான்ட்ராவும் கலெக்‌ஷன்ல இல்ல. முதலாவதுல செவப்பு நீல கண்ணாடி கூட குடுத்தாங்க. ஃப்ரெண்ட் வீட்ல ஒரு மணி நேரம் ஆடினேன், போதும்.

ஷேட்டர்டு சோல்ஜர் (2002, பிஎஸ்2). அதே ஃப்ரெண்டோட பழைய பிஎஸ்2, டிஸ்க் டிரே பென்சில வச்சு தள்ளினாத்தான் மூடும். நகஸாடோ திரும்ப வந்து செஞ்சது. ஆனா ஆரம்பிச்சு பத்து நிமிஷமா தேடுறேன், பறந்து வர்ற பவர் எதுவுமே இல்ல. எஸ்ஸே கெடையாது! மூணு துப்பாக்கி ஆரம்பத்துலயே கைல குடுத்துடறான், செத்தா எதுவும் போகாது. அப்ப தண்டன எங்கன்னு பாத்தா, எத்தன எதிரிய அடிச்சன்னு சதவீத கணக்கு, அதுல மார்க்கு, மார்க்கு நல்லா இல்லன்னா கடைசி ஸ்டேஜ்களே தெறக்காது. பரீட்ச மாதிரி. புத்திசாலித்தனமாத்தான் யோசிச்சிருக்காங்க, ஆனா எஸ் எடுக்கும்போது வர்ற அந்த சந்தோஷமும் இல்ல, அது போகும்போது வயித்த கலக்குறதும் இல்ல. கஷ்டம் இருக்கு, பயம் இல்ல. எனக்கு இது கான்ட்ரா இல்ல, சண்டைக்கு வர்றவங்க வரலாம்.

ஆனா கதைல ஒண்ணு. எதிரி கூட்டத்துக்கு தலைவன் யாருன்னு பாத்தா லான்ஸ். என் லான்ஸ்! செவப்பு பேன்ட்! பத்து நிமிஷம் சிரிச்சேன். அருவில அத்தன தடவ மேல ஏறி கொன்னா அவன் வேற என்னதான் பண்ணுவான்.

இப்ப

ஆபரேஷன் கலுகா (2024) எறக்கி வச்சிருக்கேன், வேஃபார்வர்டு செஞ்சது, 2007ல நின்டென்டோவோட கைல வச்சு ஆடுற டிஎஸ்ல கான்ட்ரா 4 செஞ்ச அதே ஆளுங்க. முதல் கேமையே திரும்ப சொல்ற மாதிரி, அதே காடு, அதே அருவி. ரெண்டு துப்பாக்கி இருக்கு, எஸ் இருக்கு. ஒரே அடில சாவா, பல அடி தாங்கணுமான்னு நம்மகிட்டயே விட்டுட்டான். வேணும்னா கைல இருக்குற துப்பாக்கிய ஒடச்சு ஒரு பெரிய பவரா மாத்திக்கலாம், அதாவது எஸ்ஸ நானே மனசார இழக்கணும். நாலு நாளா ஆடுறேன், இன்னும் ஒரு தடவ கூட அத அமுக்க கை வரல.

அண்ணன் அடுத்த சனிக்கிழமை வர்றான். ரெண்டாவது கன்ட்ரோலர் வாங்கியாச்சு. இந்த தடவ நீல பேன்ட் எனக்குன்னு இப்பவே சொல்லிட்டேன், "பாக்கலாம்"னு மட்டும் சொல்லியிருக்கான்.