ஈப்போவிலிருந்து பெண்டிரைவில் வந்த லினக்ஸ்

எங்கள் வீட்டு மடிக்கணினி 2015-இல் வாங்கியது. மகள் நான்காம் படிவம் படிக்கிறாள். அவளுடைய பள்ளி வேலையெல்லாம் அதில்தான். விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-ஓ இந்தப் பழைய பிராசஸரை ஏற்றுக்கொள்ளாது. சுங்கை சிப்புட்டில் ஒரு கடையில் விசாரித்தேன். "எண்பது வெள்ளி குடுங்கண்ணே, புது விண்டோஸ் போட்டுத் தரேன்" என்றார் கடைத் தம்பி. லைசென்ஸ் உண்டா என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. பிள்ளை தினமும் உட்காரும் கணினியில் திருட்டுப் பிரதி வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் எனக்குப் புதிதில்லை. செம்பனை ஆலையில் கிராணியாகச் சேர்ந்த காலத்தில் உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் சிடி ஒன்றைத் தபாலில் வரவழைத்தேன். அப்போது உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனம் தபால் செலவுகூட வாங்காமல் கேட்டவர்களுக்கெல்லாம் சிடி அனுப்பியது. லயத்தில் இன்டர்நெட் கிடையாது. தோட்டத்து ஆபீசுக்கு வந்த அந்த உறையை வாங்க வேலை முடிந்ததும் ஓடினேன். 2011-இல் அந்தச் சேவையை நிறுத்திவிட்டார்கள்.

இந்த முறை இன்னொரு வகையான லினக்ஸ் மின்ட் என்று முடிவு செய்தேன். விண்டோஸில் பழகிய கைக்கு அது அந்நியமாக இருக்காது. அதிலும் எக்ஸ்எஃப்சிஇ என்ற திரை அமைப்போடு வரும் பதிப்பு இலேசானது, எங்கள் 4 ஜிபி நினைவகத்துக்குப் போதும். 22-ஆம் வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வரும். காசு எதுவும் இல்லை. ஆனால் கோப்பு கிட்டத்தட்ட 3 ஜிபி.

போன் ஹாட்ஸ்பாட்டில்தான் முதலில் முயன்றேன். மின்ட் தளத்தில் நாடுவாரியாக மிரர் பட்டியல் இருக்கிறது; மிரர் என்றால் அதே கோப்பின் நகலை வைத்திருக்கும் சர்வர். பக்கத்து நாட்டு மிரர் ஒன்றைப் பிடித்தேன். மாலை மழையில் லைன் போனது, வந்தது, மறுபடியும் போனது. இரவு பன்னிரண்டு மணிக்கு "முடிந்தது" என்று காட்டியது. சந்தோஷத்தில் அப்படியே பெண்டிரைவில் ஏற்றியிருப்பேன். நல்லவேளை, சரிபார்க்கத் தோன்றியது.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஐஎஸ்ஓ என்ற அந்த நிறுவல் கோப்பைத் தரும் தளம் கூடவே 64 எழுத்துகள் கொண்ட ஒரு எண்ணையும் தரும். எஸ்எச்ஏ256 என்பார்கள். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த எண் முழுவதும் மாறிவிடும். விண்டோஸிலேயே இருக்கும் செர்ட்யூட்டில் கட்டளை நம்மிடம் உள்ள கோப்பின் எண்ணைக் கணக்கிட்டுத் தரும். எனக்கு வந்த எண்ணில் முதல் எழுத்தே ஒத்துப்போகவில்லை. கோப்பு கெட்டிருந்தது.

எண்ணைச் சரிபார்க்கச் சொல்வதற்கு லைன் கோளாறு மட்டும் காரணம் இல்லை. 2016 பிப்ரவரி 20 அன்று மின்ட் தளத்துக்குள்ளேயே யாரோ புகுந்து, 17.3 சினமன் பதிப்பின் சுட்டியை, ஊடுருவ வழி வைத்த ஒரு போலிக் கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். அதனால்தான் எண் பட்டியலுக்கே, அது தங்களுடையதுதான் என்று காட்டும் ஒரு டிஜிட்டல் கையொப்பம் போடுகிறார்கள். எண்ணைப் பார்ப்பதோடு நிற்காமல் அந்தக் கையொப்பத்தையும் பார்ப்பதுதான் முழுச் சோதனை.

ஞாயிற்றுக்கிழமை ஈப்போவில் இருக்கும் மச்சான் வீட்டுக்குப் போனோம். அங்கே ஃபைபர் லைன். அவர் டோரண்டில் இறக்கலாம் என்றார். டோரண்ட் என்றால் திருட்டுப் படம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. மின்ட் தளமே அதிகாரபூர்வமாகத் தரும் வழி அது. கோப்பு துண்டு துண்டாகப் பலரிடமிருந்து வரும், ஒவ்வொரு துண்டையும் நிரலே சரிபார்க்கும், அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். மெதுவான லைன் உள்ளவர்கள்தான் முதலில் இதைப் பிடிக்க வேண்டும் என்பேன். அக்கா தேத்தண்ணி கலக்கி முடிப்பதற்குள் இறங்கிவிட்டது. மச்சானிடம் உபுண்டு இருந்ததால் கையொப்பத்தையும் அங்கேயே பார்த்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்து, பெண்டிரைவிலிருந்து கணினிக்கு மாற்றியதும் இன்னொரு தடவை எண்ணைப் பார்த்தேன். மகள் போனைப் பார்த்து நாலு நாலு எழுத்தாகப் படித்தாள், நான் திரையில் விரல் வைத்துத் தொடர்ந்தேன். கடைசி நாலும் சரியாக வந்தபோது "ப்பா, வந்திருச்சு!" என்று கத்திவிட்டாள்.

அப்புறம் பெரிய சிரமம் இல்லை. படங்களையும் பாடக் குறிப்புகளையும் வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்து வைத்தோம். ரூஃபஸ் நிரலில் பெண்டிரைவைத் தயார் செய்தோம். அது பெண்டிரைவில் இருப்பதையெல்லாம் அழித்துவிடும் என்பதால் காலியானதையே எடுங்கள். கணினியைத் திறக்கும்போது எஃப்12 அழுத்தி, நிறுவாமலே பெண்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்தோம். திரை, ஒலி எல்லாம் சரி, வைஃபை மட்டும் வரவில்லை. உள்ளே இருந்த வைஃபை சில்லு பிராட்காம் நிறுவனத்துடையது, அதற்குத் தனி டிரைவர் தேவைப்பட்டது. போனை யுஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங் போட்டதும் போனின் இணையம் கணினிக்குக் கிடைத்தது. நிறுவி முடித்தபின் டிரைவர் மேனேஜரைத் திறந்து, அது காட்டிய டிரைவரைப் போட்டு, ஒருமுறை மூடித் திறந்தோம், வைஃபையும் வந்துவிட்டது. கட்டுரை, கணக்கு அட்டவணை எல்லாம் செய்யும் லிப்ரெஆஃபீஸ் கூடவே வருகிறது. தமிழில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ்-எம்17என் நிரலைச் சேர்த்து, தமிழ்99 விசைப்பலகையையும் வைத்துக்கொடுத்தேன். தமிழ்க் கட்டுரையை இப்போது அவளே தட்டச்சு செய்கிறாள்.

போன வாரம் பக்கத்து வீட்டு அக்காவின் மகன் பெண்டிரைவோடு வந்தான். "அங்கிள், இதைக் காப்பி எடுத்துக்கலாமா, தப்பில்லையே?" என்றான். தாராளமாக எடுக்கலாம், பிறருக்குக் கொடுக்கும் உரிமையையும் சேர்த்தே இதைத் தருகிறார்கள் என்று ஏற்றிக்கொடுத்தேன். எண்ணையும் எழுதித் தரச் சொன்னான். அதை மட்டும் கொடுக்கவில்லை. "அதை நீயே உன் போன்ல மின்ட் தளத்துல பாரு" என்றேன். திண்ணையில் உட்கார்ந்து நாலு நாலாகப் படிக்க ஆரம்பித்தான்.