தாளில் ஏறாத தாள்

ஜவ்வாது மலையில் சாமை ரகங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் திட்டம் ஒன்றில் மூன்று பருவம் களப்பணியாளனாக இருந்தேன். அறுத்து, அடித்து, காயவைத்து, தானியத்தை எடைபோட்டு எக்டேருக்கு இத்தனை கிலோ என்று படிவத்தில் எழுதவேண்டும், அவ்வளவுதான் வேலை. இரண்டாம் பருவ அறுவடையன்று நிலத்துக்காரம்மா பக்கத்தில் வந்து நின்றார். "தானியத்தை நிறுக்கிறீங்க, சரி. தாளை யாரு தம்பி நிறுப்பா? என் மாடு என்னத்தைத் தின்னும்?"

படிவத்தில் அதற்குக் கட்டமே இல்லை.

படிவம் தயாரித்தவரை மட்டும் திட்டுவதில் பயனில்லை. 1960களில் கப்பலில் வந்த கோதுமையை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த நாட்டுக்கு, எவ்வளவு விளையும் என்ற ஒரே கேள்விதான் இருந்தது. 1966இல் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஐ.ஆர்.8 அந்தக் கேள்விக்குப் பிறந்த ரகம். உரம் போட்டால் நெட்டைப் பயிர் சாய்ந்துவிடும் என்று, தைவான் குட்டை ரகம் ஒன்றை இந்தோனேசியாவின் பேட்டா என்ற ரகத்தோடு சேர்த்துப் பயிரைக் குட்டையாக்கினார்கள். குறைசொல்ல எனக்கு வாய் வராது, நானும் அந்தச் சோற்றில் வளர்ந்தவன்தான். ஆனால் வாய்க்கால் பாசன வயலுக்காகக் கேட்ட கேள்வியை மானாவாரி மலைச்சரிவுக்கும் அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

அந்தக் கேள்வியில் விடுபட்டது தாள் மட்டுமல்ல. சாமையில் பெரிய தொல்லையே உரிப்பதுதான். மணி பொடிசு, உமி கெட்டி, நெல் மில்லில் போட்டால் நொறுங்கும், இல்லையென்றால் உமியோடு அப்படியே வெளியே வந்து விழும். அதனால் உரலும் உலக்கையும், அதுவும் பெண்கள் தலையில். ரேஷனில் அரிசி வந்தபிறகு எந்த வீட்டில் குத்திக்கொண்டிருப்பார்கள்? கொல்லிமலையில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உரிக்கும் இயந்திரங்களை ஊருக்குள்ளேயே கொண்டுபோய் வைத்ததை எங்கள் கூட்டத்தில் ஒருமுறை எடுத்துச் சொன்னேன். "அது பொறியியல் பிரிவு வேலைப்பா" என்று முடித்துவிட்டார்கள். புது ரகம் என்றால் வெளியீட்டு விழா உண்டு, கட்டுரை உண்டு, பதவி உயர்வுக்கும் ஆகும். மலைமேல் பழுதாகி நிற்கும் உரிப்பு இயந்திரத்துக்குப் பெல்ட் மாற்றிக் கொடுப்பதற்கு யார் மதிப்பெண் போடுவார்கள்? அப்புறம் 2023 சர்வதேச சிறுதானிய ஆண்டாக வந்தது. எனக்குத் தெரிந்த வட்டத்தில் பணம் கேட்டுப்போன திட்டங்களில் பாதி சிறுதானிய பிஸ்கட் செய்வதற்குத்தான்.

மூன்றாம் பருவத்தில் ஒரு தராசை இரவல் வாங்கித் தாளையும் நிறுத்து, படிவத்தின் அடியில் 'குறிப்பு' என்ற இடத்தில் பொடி எழுத்தில் எழுதிவைத்தேன். இறுதி அறிக்கையில் அது வரவில்லை. அந்த அம்மா அடுத்த ஆடியில் எங்கள் ரகத்தை மேட்டில் கொஞ்சம் விதைத்துவிட்டு, மாட்டுக் கொட்டகையை ஒட்டிய துண்டில் பழைய நெட்டைச் சாமையையே போட்டிருந்தார்.