வடக்கு ரொடீசியாவுல ஒரு பாலம்

ஜாம்பியா போறோம்னு சொன்னதும் எங்க பெரியப்பா "அது நார்தர்ன் ரொடீசியாவாச்சேடா"ன்னாரு, சின்ன வயசுல ஸ்டாம்ப் சேத்தவரு, அவருக்கு அந்தப் பேர்தான் நிக்குது. செசில் ரோட்ஸ் பேருல அவரோட கம்பெனியே நாடு புடிச்சு ஆண்ட காலத்துப் பேரு. 1964 அக்டோபர் 24-ல சுதந்திரம், அன்னிக்குத்தான் டோக்கியோ ஒலிம்பிக்ஸ் நிறைவு விழா, அதனால நார்தர்ன் ரொடீசியான்னு உள்ள போன டீம் ஜாம்பியான்னு புதுக்கொடியோட வெளிய வந்துச்சு!

நாங்க தங்குனது லிவிங்ஸ்டன் ஊர்ல. 1935 வரைக்கும் இதுதான் தலைநகரம், அப்புறம் லுசாகாவுக்கு மாத்திட்டாங்க. ரோட்ஸ் பேரைத் தூக்குனவங்க, இந்த ஊருக்குப் பேரு குடுத்த பாதிரியார், ஊர் சுத்தி டேவிட் லிவிங்ஸ்டன் பேரை மட்டும் விட்டு வெச்சிருக்காங்க. எனக்கென்னவோ அது நியாயமாத்தான் படுது, அந்த மனுஷன் வரி வசூல் பண்ணலையே.

விக்டோரியா அருவியப் பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க, ரெயின்கோட் வாடகைக்கு எடுத்தும் தொப்பலா நனைஞ்சோம், அவ்ளோதான். எனக்குப் புடிச்சது பக்கத்துல இருக்கிற பாலம். 1905-ல திறந்தது, 198 மீட்டர் நீளம், ஆத்துலருந்து 128 மீட்டர் உயரம். ரயில் மேல அருவிச் சாரல் படணும்னு ஆசப்பட்டது ரோட்ஸ்தான், ஆனா அவரு 1902-லயே போய்ச் சேந்துட்டாரு, அருவியக் கண்ணால பாத்ததே இல்ல.

இமிகிரேஷன்ல ஒரு துண்டுச் சீட்டு வாங்கிட்டா விசா இல்லாமயே பாலத்துல நடக்கலாம். அந்தப் பக்கம் ஜிம்பாப்வே, அதாவது பழைய சதர்ன் ரொடீசியா, அது பேர் மாற 1980 ஆயிடுச்சு. நடுவுல 1975 ஆகஸ்ட்ல இதே பாலத்து மேல ஒரு ரயில் பெட்டிய நிறுத்தி சமாதானப் பேச்சு நடத்துனாங்க, ரொடீசியாவோட வெள்ளைக்காரப் பிரதமர் இயன் ஸ்மித் ஆளுங்க ரொடீசியா பக்கம், விடுதலைக் கட்சிக்காரங்க ஜாம்பியா பக்கம், ஒரே மேசை, யாரும் எல்லை தாண்டல. பேச்சு என்னவோ அன்னிக்கே முறிஞ்சு போச்சு.

இப்ப அதே எடத்துல பங்கீ ஜம்ப் பண்றவங்க கத்துறாங்க, செப்பு வளையல் விக்கிற பசங்க விடாம பின்னாடியே வர்றாங்க, ஒருத்தன் ஜிம்பாப்வேயோட செல்லாத நூறு ட்ரில்லியன் டாலர் நோட்டு வெச்சிருந்தான், பேரம் பேசி வாங்குனேன்.

போறவங்க ஜூன், ஜூலைல போங்க. அக்டோபர், நவம்பர்ல ஜாம்பியா பக்கம் பெரும்பாலும் வெறும் பாறைதான் தெரியும்.