பைக்குள் எத்தனை பந்து?

மார்ச் 4

வெளிநாட்டில் மேல்படிப்புக்கு எழுதும் ஜிஆர்இ தேர்வின் கணக்கில் முதல் பிரிவுக்கு 12 கேள்வி, 21 நிமிடம். இரண்டாவதற்கு 15 கேள்வி, 26 நிமிடம். ஒரு கேள்விக்கு முழுசாக 2 நிமிடம்கூடக் கிடையாது. சரி, விகிதத்திலிருந்து ஆரம்பிப்போம் என்று உட்கார்ந்தேன்.

பையில் சிவப்பும் நீலமும் 3:5. இன்னும் 6 சிவப்புப் பந்து போட்டால் 3:4. முதலில் எத்தனை இருந்தன? 3-உடன் 6-ஐக் கூட்டி 9:5 என்று எழுதிவிட்டு முழித்தேன். 3 என்பது மூன்று பந்து இல்லை, மூன்று பங்கு. 3x + 6-க்கும் 5x-க்கும் 3:4 என்று வைத்ததும் x = 8. சிவப்பு 24, நீலம் 40.

மார்ச் 5

புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

மார்ச் 7

ஒரு பகடையை 4 முறை உருட்டினால் ஒரு தடவையாவது 6 விழ நிகழ்தகவு என்ன? ஆறில் ஒன்றை நான்கு தடவை கூட்டி 4/6 என்றேன். அப்படிப் பார்த்தால் 6 முறை உருட்டினால் கட்டாயம் 6 விழுந்தாக வேண்டும். பகடையைத் தொட்டவர்கள் யாரும் நம்பமாட்டார்கள். "ஒன்றாவது" என்று வந்தால் ஒன்றுகூட விழாததைக் கண்டுபிடித்து 1-லிருந்து கழிக்க வேண்டும். 6 விழாமலே போவது (5/6)⁴, அதாவது 625/1296. மீதி 671/1296, பாதிக்குக் கொஞ்சம் மேல்.

இரண்டு பகடையை 24 முறை உருட்டி இரட்டை 6 விழுவதும் பாதியைத் தாண்டும் என்று சூதாட்டப் பிரியரான பிரெஞ்சுக்காரர் த மெரே நினைத்தார். தாண்டாது, சுமார் 0.491தான். 1654-இல் கணித மேதை பாஸ்கல் இன்னொரு கணித மேதையான ஃபெர்மாவுக்கு எழுதிய கடிதத்தில் இந்த விவகாரம் வருகிறது. துணைக்கு ஆள் இருக்கிறார்!

மார்ச் 10

அதே 3:5 பை. எத்தனை பந்து என்று சொல்லவில்லை. ஒன்றை எடுத்து, திருப்பி வைக்காமல் இன்னொன்று. இரண்டுமே சிவப்பாக இருக்கும் நிகழ்தகவு பெரிதா, 1/7 பெரிதா?

முதல் பந்துக்கு விகிதமே போதும்: 3/8. இரண்டாவதற்கு எண்ணிக்கை வேண்டுமே! 3, 5 என்றால் 3/28; 24, 40 என்றால் 23/168. விடை மாறுகிறது, அதனால் "தீர்மானிக்க முடியாது" என்று தட்டிவிட்டேன். தப்பு.

அரை மணி நேரம் கழித்துத்தான் விளங்கியது. 1/7 என்பது 24/168. என் கணக்கே ஒரு படி கீழேதான் நின்றிருந்தது. ஒரு சிவப்பை எடுத்த பிறகு சிவப்பின் பங்கு 3/8-க்குக் கீழே இறங்கிவிடும். ஆக, பையில் ஆயிரம் பந்து இருந்தாலும் பெருக்கல் 3/8 × 3/8, அதாவது 9/64-ஐத் தொடாது. 9/64-க்கும் 1/7-க்கும் குறுக்கே பெருக்கினால் 63, 64. எப்போதும் 1/7தான் பெரிது. கால்குலேட்டரே வேண்டாம். நிகழ்தகவு மாறுவதைக் கண்டேன், எது பெரிது என்பது மாறவே இல்லை என்பதைப் பார்க்கவில்லை.

நாளை 15 கேள்வி, 26 நிமிடம், கடிகாரம் வைத்து.