தமனி என்றால் சுத்த ரத்தமா?

என்றைக்கோ படித்த உடற்கூறியலையும் உடலியங்கியலையும் மறுபடி அடியிலிருந்து பார்த்துவிடலாம் என்று மூன்று வாரமாக உட்கார்ந்திருக்கிறேன். மறந்துபோனது நிறைய இருக்கும் என்று தெரியும். தப்பாகவே ஞாபகம் வைத்திருந்தது இவ்வளவு இருக்கும் என்றுதான் தெரியாது.

முதல் நாளே மாட்டிக்கொண்டேன். தமனியில் சுத்த ரத்தம், சிரையில் அசுத்த ரத்தம் என்பது என் மண்டையில் கல்வெட்டு மாதிரி பதிந்திருந்தது. ஆனால் நுரையீரல் தமனியில் ஓடுவது ஆக்ஸிஜன் குறைந்த ரத்தம், நுரையீரல் சிரையில் ஓடுவதுதான் ஆக்ஸிஜன் நிறைந்தது. இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோவது தமனி, இதயத்துக்குத் திரும்பக் கொண்டுவருவது சிரை, அவ்வளவுதான் விஷயம். அந்த 'அசுத்தம்' என்ற சொல்லே இப்போது பிடிக்கவில்லை. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தில் ஹீமோகுளோபின் சுமந்த ஆக்ஸிஜனில் முக்கால் பங்கு அப்படியே மிச்சமிருக்கிறது. இதைப் போய் அழுக்கு என்றால் எப்படி?

சரி, பெயர்ப் பட்டியலை மூடி வைத்துவிட்டு ஒரு சொட்டு ரத்தத்தின் பின்னாலேயே போய்ப் பார்ப்போம் என்று ஆரம்பித்தேன். இதயத்தின் வலது மேலறை, வலது கீழறை, நுரையீரல், அங்கிருந்து இடது மேலறை, இடது கீழறை, பெருந்தமனி. (படத்தில் நம் இடது கைப் பக்கம் இருப்பதுதான் உடம்பின் வலது. எதிரே ஒருவர் நிற்கிறார் என்று நினைத்துக்கொள்ள வேண்டும். இதிலும் இரண்டு முறை சறுக்கினேன்.) இப்படிப் போனால் ஒவ்வொரு இடத்திலும் 'ஏன்' என்று கேட்கத் தோன்றுகிறது. இடது கீழறையின் சுவர் வலதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு தடிமன். ஏன்? இடது பக்கம் தலை முதல் கால் வரை தள்ள வேண்டும், அதனால் அங்கே அழுத்தம் 120 மில்லிமீட்டர் பாதரசம் வரை ஏறுகிறது. வலது பக்கத்துக்கு இருப்பதோ பக்கத்து வீட்டு வேலை, 25 போதும். போதும் என்பதைவிட, அதற்கு மேல் போனால் ஆபத்து என்று சொல்ல வேண்டும். நுரையீரலின் காற்று நுண்ணறைகளைச் சுற்றியுள்ள தந்துகிகளின் (மயிரிழை போன்ற ரத்தக் குழாய்களின்) சுவர் அவ்வளவு மெல்லியது, அழுத்தம் கூடினால் நீர் கசிந்து உள்ளே தேங்கிவிடும்.

இந்த இடத்தில்தான் எனக்கு விளக்கு எரிந்தது. இடது இதயம் தளர்ந்துபோனால் ரத்தம் எங்கே தேங்கும்? அதற்கு முந்தைய நிறுத்தத்தில், அதாவது நுரையீரலில். அதனால்தான் மூச்சு வாங்குகிறது, மல்லாந்து படுத்தால் இன்னும் மோசமாகிறது. வலது இதயம் தளர்ந்தால் அதற்கு முந்தைய நிறுத்தம் முழு உடம்பு, அதனால் கால் வீங்குகிறது. இந்த இரண்டையும் தனித்தனி அறிகுறிப் பட்டியல்களாக மனப்பாடம் செய்து, தேர்வில் மாற்றி எழுதி வைத்தவன் நான். வழி தெரிந்திருந்தால் மனப்பாடமே தேவைப்பட்டிருக்காது.

அடுத்தது பெருக்கல். ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லிலிட்டர், நிமிடத்துக்கு 70 துடிப்பு, ஆக ஏறக்குறைய 5 லிட்டர். உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். ரத்தம் உடம்பில் சுற்றி வருகிறது என்று ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628-ல் வாதாடியதும் இதே மாதிரி ஒரு கணக்கை வைத்துத்தான். இதயம் அரை மணி நேரத்தில் தள்ளும் ரத்தம் உடம்பில் உள்ள மொத்தத்தையே மிஞ்சுகிறது என்றால், அதுவரை நம்பியிருந்தது போல அதைக் கல்லீரல் புதிது புதிதாகச் செய்துகொண்டிருக்க முடியாது, சுற்றித்தான் வர வேண்டும். தமனியையும் சிரையையும் இணைக்கும் தந்துகிகளை அவர் கண்ணால் பார்க்கவே இல்லை. அவர் இறந்து நான்கு வருடம் கழித்து, 1661-ல், இத்தாலிய மருத்துவர் மல்பீகி தவளையின் நுரையீரலில் அவற்றைக் கண்டார்.

சிறுநீரகமும் இப்படிப் பெருக்கிப் பார்த்தால்தான் புரிகிறது. இரண்டும் சேர்ந்தே 300 கிராம்தான் இருக்கும், ஆனால் இதயம் அனுப்புவதில் ஐந்தில் ஒரு பங்கு அங்கே போகிறது. நிமிடத்துக்கு 125 மில்லிலிட்டர் வடிகட்டினால் நாளுக்கு 180 லிட்டர். வெளியே போவது ஒன்றரை லிட்டர், மீதி எல்லாம் திரும்ப உறிஞ்சப்படுகிறது. இத்தனை நாள் சிறுநீரகத்தை வடிகட்டி என்று மட்டுமே நினைத்திருந்தேன். வடிகட்டியதில் 99 சதவீதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வதுதான் அதன் பெரிய வேலை.

எலும்புகளைப் பற்றிச் சொல்ல பெரிதாக ஒன்றுமில்லை. வளர்ந்தவருக்கு 206. மணிக்கட்டின் எட்டு எலும்புகளுக்கு மட்டும் 'ஏன்' என்று கேட்டுப் பயனில்லை, உட்கார்ந்து உருப்போட்டேன்.

இப்போது நரம்புகளுக்கு வந்திருக்கிறேன், வந்தவுடன் ஒன்று காலை வாரியது. இடது குரல்வளைக்குப் போகும் ஒரு நரம்பு கழுத்திலேயே கிளம்பி நேராகப் போகாமல், நெஞ்சுக்குள் இறங்கி, பெருந்தமனி வளைவுக்கு அடியில் சுற்றிக்கொண்டு, மறுபடி மேலே ஏறி வருகிறது. குரல் கம்மிப்போனதற்கு நெஞ்சை ஏன் படம் எடுக்கிறார்கள் என்பது இதில் தெளிந்துவிட்டது. ஆனால் இப்படிச் சுற்றிப் போவதால் என்ன லாபம் என்று தேடினால் ஒன்றுமே இல்லை. கருவில் இதயம் கழுத்துக்குப் பக்கத்தில் இருந்தபோது அந்த நரம்பு தமனிக்குக் கீழே போயிருந்தது, கழுத்து நீண்டு இதயம் கீழே இறங்கியபோது கொக்கியில் மாட்டியது போல அதுவும் கூடவே இழுபட்டு வந்துவிட்டது. ஆக, நரம்புகளை முடிக்கும் முன் கருவியல் புத்தகத்தையும் எடுத்தாக வேண்டும்.