மலையேறிய ஊசல்

மதுரை வீட்டு முன்னறையில் முப்பது வருடத்துக்கு மேல் ஓடிய ஊசல் கடிகாரம் அது. எனக்குக் கொடைக்கானலுக்கு மாற்றலானபோது அப்பா அதை மடியில் வைத்துக்கொண்டே மலையேறினார். சுவரில் மாட்டிய மறுநாள் பார்த்தால் ஏறக்குறைய 20 விநாடி பின்தங்கியிருந்தது. அதற்கடுத்த நாளும் அதே 20.

“குளிருக்கு எண்ணெய் இறுகியிருக்கும்டா” என்றார் அப்பா. எண்ணெய் மாற்றினோம், ரசமட்டம் வைத்துச் சாய்வு பார்த்தோம். ஒன்றும் மாறவில்லை.

1672-இல் ழான் ரிஷேர் என்ற பிரெஞ்சு வானியலாளர் தென் அமெரிக்காவின் கயேனில் இதையேதான் கண்டார். பாரிசில் சரியாக ஓடும் ஊசல் அங்கே நாளுக்கு இரண்டரை நிமிடம் தாமதித்தது. நிலநடுக்கோட்டருகே புவியீர்ப்பு சற்றுக் குறைவு. ஊசல் மெதுவாக ஆடுகிறது. பூமி நடுவில் புடைத்திருக்கிறது என்று வாதிட நியூட்டனுக்கு அந்தத் தாமதம் உதவியது. எங்கள் 2,000 மீட்டர் உயரத்திலும் ஈர்ப்பு கொஞ்சம் குறைகிறது. சரி, காரணம் கிடைத்துவிட்டது.

அப்புறம்தான் எனக்குத் தூக்கம் போனது. இதே சுவரில் ஒரு சீசியம் அணுக் கடிகாரத்தை மாட்டினால்? 1967 முதல் ஒரு விநாடி என்பதே, சீசியம்-133 அணுவின் ஒரு குறிப்பிட்ட கதிர்வீச்சு 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 முறை அதிரும் நேரம்தான். அந்தக் கடிகாரம் இங்கே பின்தங்காது, மதுரையை முந்தும். உயரே போகப் போக நேரமே சற்று வேகமாக ஓடும் என்கிறது ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாடு. அதன்படி கணக்குப் போட்டேன்: நாளுக்கு ஏறக்குறைய 20 நானோவிநாடி (ஒரு நானோவிநாடி என்பது விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு). ஊசல் பின்தங்கியது ஊசலின் குறை. சீசியம் முந்துவதில் எந்தக் குறையும் கிடையாது. இங்கே நேரமே அவ்வளவு வேகமாக ஓடுகிறது. நானும் அப்பாவும் இங்கே வந்து மூன்று வருடம். மதுரையில் இருக்கும் தங்கையைவிட 20 மைக்ரோவிநாடி, அதாவது விநாடியில் பத்து லட்சத்தில் 20 பங்கு, கூடுதலாக எங்களுக்குக் கழிந்திருக்கிறது.

இது வெறும் தாள் கணக்கும் அல்ல. 2005-இல் அமெரிக்காவில் ஒருவர் மூன்று சீசியம் கடிகாரங்களையும் தன் மூன்று பிள்ளைகளையும் வேனில் ஏற்றி ரெய்னியர் மலைக்குப் போய், இரண்டு நாள் தங்கித் திரும்பினார். வீட்டில் இருந்த கடிகாரங்களைவிட அவை 22 நானோவிநாடியளவு முந்தியிருந்தன. எனக்கு அந்தப் பிள்ளைகள்மேல் பொறாமை.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, ஊசல் குண்டுக்குக் கீழே இருக்கும் நட்டைக் கால் சுற்று மேலேற்றினார். இப்போது கடிகாரம் சரியாக ஓடுகிறது. ஆனாலும் தங்கை போன் பண்ணும்போதெல்லாம், “இங்கே நேரம் கொஞ்சம் முன்னாடி ஓடுதும்மா” என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.