பிக்கப் வண்டியில் கேட்ட 21 பாட்டுகள்

2021 பிப்ரவரியில் நாங்கள் ஜார்ஜியா மாநிலத்தின் நியூனன் ஊருக்கு வந்து சேர்ந்தோம். அட்லாண்டாவிலிருந்து தென்மேற்கே 40 மைல். கோவில்பட்டியில் அட்லாண்டா என்றால் தெரியும், நியூனன் என்றால் யாருக்கும் தெரியாது. அதனால் அப்பா இன்றைக்கும் தெருவில் "பையன் அட்லாண்டாவில இருக்கான்" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஊருக்குள் டவுன் பஸ் கிடையாது. எனக்கு லைசென்ஸ் கிடைக்க நாலு மாதம் ஆனது. கம்பங்களுக்கு நடுவே ரிவர்ஸில் வண்டியைச் செருகும் இடத்தில் ஒரு தடவை தோற்றேன். அதுவரை தொழிற்சாலைக்கு என்னை ஏற்றிக்கொண்டு போனவர் பராமரிப்புப் பிரிவில் இருந்த ஒரு பெரியவர். அறுபதை நெருங்கிய வயது, பழைய பிக்கப் வண்டி. ரேடியோவில் கன்ட்ரி பாட்டு, அதாவது அமெரிக்கக் கிராமத்து மணம் வீசும் பாட்டு தவிர வேறெதுவும் வராது.

முதல் இரண்டு வாரம் எனக்கு எல்லாப் பாட்டும் ஒரே பாட்டுதான். யாரோ மூக்கால் பாடுகிறார், பின்னால் ஏதோ ஒரு வாத்தியம் அழுகிறது. ஒருநாள் அந்த வாத்தியம் என்ன என்று கேட்டுவிட்டேன். பெரியவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். தொழிற்சாலை வாசலில் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கையே வாத்தியமாக வைத்துக்கொண்டு விளக்கினார். பெடல் ஸ்டீல் கிட்டார். மேஜை மாதிரி முன்னால் இருக்கும், பெரும்பாலும் 10 கம்பி. இடது கையில் ஓர் இரும்புத் துண்டைப் பிடித்துக் கம்பிமேல் நகர்த்த வேண்டும், வலது கையால் மீட்ட வேண்டும். காலால் பெடலை மிதித்தால் சில கம்பிகளின் சுருதி மட்டும் மாறும், முழங்காலால் தள்ளும் நெம்புகோல்கள் வேறு. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவாமல் வழுக்கிக்கொண்டே போகிறது என்று கவனித்த பிறகு எனக்கு அது அந்நியமாகப் படவில்லை. கமகத்தில் ஊறிய காதுக்கு வழுக்கல் புதிதா என்ன?

மார்ச் 26 நள்ளிரவு தாண்டி ஊருக்குள் டொர்னாடோ என்கிற சுழல் சூறாவளி புகுந்தது. சூறாவளியின் கடுமையை 0 முதல் 5 வரை அளக்கும் கணக்கில் ஈஎஃப்-4 ரகம், காற்று மணிக்கு 170 மைல். கைபேசி அலறியதும் நானும் மனைவியும் குளியல் தொட்டிக்குள் சுருண்டு, மெத்தையை மேலே இழுத்துப் போட்டுக்கொண்டோம். எங்கள் குடியிருப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. நியூனன் உயர்நிலைப் பள்ளி சிதைந்து கிடந்தது, பழைய வீடுகள் இருந்த தெருக்களில் மரங்கள் வேரோடு சாய்ந்திருந்தன. அந்த வாரக் கடைசியில் பெரியவர் மரம் அறுக்கும் மெஷினோடு போனார், நான் தண்ணீர்ப் பாட்டில் பெட்டிகளைச் சுமந்துகொண்டு கூடவே போனேன். பக்கத்துத் தெருக்காரர்கள் என் பெயரைக் கேட்டதே அன்றைக்குத்தான்.

இந்தக் களேபரத்துக்கு நடுவே மே 14 அன்று கன்ட்ரி பாடகர் ஆலன் ஜாக்சனின் 'வேர் ஹேவ் யூ கான்' ஆல்பம் வந்தது. அவர் இந்த ஊர்ப் பிள்ளை, 1958-ல் இங்கே பிறந்தவர். தாத்தாவின் பழைய கருவிக் கொட்டகையைச் சுற்றி எழுப்பிய வீட்டில் வளர்ந்தவர். ஆல்பத்தில் 21 பாட்டு, அதில் 15 அவரே எழுதியவை. இந்த ஊரில் அதைப் பற்றி அபிப்பிராயம் இல்லாமல் இருக்க முடியாது என்று தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் புரிந்துகொண்டேன்.

பெரியவர் முதல் பாட்டைக் கேட்டுவிட்டு ஒரு மைல் தூரத்துக்குப் பேசவில்லை. தொலைந்துபோன காதலியைக் கூப்பிடுவது போலப் பழைய கன்ட்ரி இசையை, எங்கே போனாய் என்று கூப்பிடுகிற பாட்டு அது. பிறகு 1999 கதையைச் சொன்னார். கன்ட்ரி இசைச் சங்கத்தின் விருது விழாவில் மூத்த பாடகர் ஜார்ஜ் ஜோன்ஸிடம் அவருடைய 'சாய்சஸ்' பாட்டைச் சுருக்கிப் பாடச் சொன்னார்கள், அவர் மறுத்து வராமல் இருந்துவிட்டார். ஆலன் ஜாக்சன் மேடையில் தன் பாட்டைப் பாதியில் நிறுத்தி 'சாய்சஸ்' பாடிவிட்டு இறங்கினார். இதைச் சொல்லும்போது பெரியவர் ஏதோ தானே மேடையில் நின்ற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பேக்கிங் பிரிவில் இருந்த 24 வயதுப் பெண்ணுக்கு இந்தச் சோகமெல்லாம் ஒட்டவில்லை. "21 பாட்டு அதிகம். பாதிக்குமேல் ஒரே வேகம். தாத்தா வீட்டு வாசனை அடிக்கிறது" என்றாள். அதே ஆல்பத்தில் ஜாக்சன் தன் மகள்களின் கல்யாணத்துக்காக எழுதிய இரண்டு பாட்டுகள் உண்டு. அவற்றில் ஒன்றை அக்டோபரில் தன் கல்யாணத்துக்கு ஏற்கெனவே தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள். அதைச் சொன்னால் கோபப்படுவாள்.

அட்லாண்டாவிலிருந்து தினமும் வந்துபோகும் கறுப்பினச் சக ஊழியர் சொன்னதுதான் எனக்கு இன்னும் நினைவில் நிற்கிறது. ஸ்டீல் கிட்டார் வாசிப்பை மனதாரப் பாராட்டினார். அப்புறம் கேட்டார்: "பழைய காலம் எங்கே போனது என்கிறார்கள். யாருக்கான பழைய காலம்?" கன்ட்ரி இசையில் வரும் பாஞ்சோ என்ற கம்பி வாத்தியத்தின் மூதாதை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற கன்ட்ரி இசை வானொலி நிகழ்ச்சியின் ஆரம்ப நட்சத்திரங்களில் ஒருவரான ஹார்மோனிகா கலைஞர் டிஃபோர்ட் பெய்லி கறுப்பினத்தவர், 1941-ல் அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். இதைக் கேட்டபோது பெரியவர் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை, காபியைக் கலக்கிக்கொண்டிருந்தார். மறுநாள் வண்டியில் பெய்லியின் பழைய ஒலிப்பதிவு ஒன்றைத் தேடிப்பிடித்துப் போட்டார். ஹார்மோனிகாவில் ரயில் ஓடியது.

என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். பீர் பாட்டுகள் எனக்கு வேண்டாம். முதல் பாட்டின் ஏக்கம் அழகாக இருக்கிறது, ஆனால் அது என் ஏக்கம் இல்லை, இரவல் வாங்கிக்கொள்ளவும் தோன்றவில்லை. ஆனால் நடுவில் ஒரு பாட்டு இருக்கிறது. தன் அம்மாவின் இறுதிச் சடங்குக்காக ஜாக்சன் எழுதியது, அந்த அம்மா பைபிள் வாசிக்கும் பழைய ஒலிப்பதிவும் அதில் வருகிறது. அந்த மே மாதம் கோவில்பட்டியில் என் பெரியப்பா கொரோனாவில் போய்விட்டார். தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு. இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு அமெரிக்கா கதவை மூடியிருந்தது, எங்கள் விசாவில் போனால் திரும்ப வழியில்லை. வாட்ஸாப்பில் பார்த்ததோடு சரி. பெரியப்பா அனுப்பிய குரல் பதிவு ஒன்று என் கைபேசியில் இருக்கிறது. முருங்கைக்காய் விலை ஏறியதைப் பற்றி 40 விநாடி. அந்தப் பாட்டு வந்தால் பெரியவர் ரேடியோ சத்தத்தைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார்.

ஜூன் 26 அன்று சூறாவளி நிவாரணத்துக்காக ஜாக்சன் இங்கேயே கச்சேரி நடத்தினார், 20 லட்சம் டாலருக்கு மேல் திரண்டது. நாங்கள் டிக்கெட் வாங்கவில்லை. லைசென்ஸ் வந்த புதிது, வாங்கிய பழைய காரில் மைதானத்தின் பக்கம் ஒரு சுற்று போய்வந்தோம். ஜன்னலை இறக்கியதும் கொசுதான் வந்தது.

போன வருடம் அப்பா இரண்டு மாதம் வந்திருந்தார். வேலை இல்லாத மத்தியானங்களில் அந்த ஆல்பத்தை முழுக்கக் கேட்டிருக்கிறார், ஒரு வார்த்தை இங்கிலீஷ் புரியாமல். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் தீர்ப்பு வந்தது.

"பாட்டு நல்லாத்தான்ல இருக்கு. அந்த அழுவுற வாத்தியம் யாருல வாசிக்கது? ஆனா 21 எதுக்கு? பதினாலோட முடிச்சிருக்கலாம்லா."